குளியலறைச் சிலந்தியைக் குரூப்பில் போட்டேன்

இன்று காலை குளியலறை மூலையில் ஒரு சிலந்தி. அரிசி அளவு உடம்பு, நூல் போல நீளமான கால்கள். கலைந்து கிடந்த வலையில் தலைகீழாகத் தொங்கியது. துடைப்பக் குச்சியால் வலையைத் தொட்டதும், உருவமே தெரியாத வேகத்தில் உடம்பை ஆட்டியது. வாயில் சின்னதாக ஒரு முட்டைக் கொத்து.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டு, "இது எந்த வகைச் சிலந்தி?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"கடிச்சா அவ்ளோதான்" என்றார் ஒருவர்.

"ஊட்ட சுத்தமா வெச்சிக்கினா இதெல்லாம் வராது" என்றார் இன்னொருவர்.

வகையை யாரும் சொல்லவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன். நெட்டைக்கால் சிலந்தியாம். மனிதர்களை ஒன்றும் செய்யாது, கொசுவைத் தின்னும். கொசு மொய்க்கும் எங்கள் கவரைப்பேட்டையில் இதைவிட நல்ல குடித்தனக்காரர் கிடைப்பாரா?

அதைக் குரூப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, கீழ் வீட்டு ஓனர் அக்கா கரப்பான் ஸ்ப்ரேயோடு மேலே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, விஷப்பூச்சியப் போய் போட்டோ புடிச்சிக்கினு கீற?"

"அது நம்மள ஒண்ணும் பண்ணாதுக்கா. முட்டை வேற வெச்சிக்கினு கீது."

"முட்டையா? அப்ப நல்லா அடிக்கணும்."

நான் தடுப்பதற்குள் அடித்துவிட்டார். கீழே விழுந்த பிறகும் அது முட்டைக் கொத்தை விடவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வாடகை வீட்டில் இருந்துகொண்டு யாரிடம் காட்டுவது?

செத்த சிலந்தியை அக்கா குரூப்பில் போட, அவருக்கு வரிசையாகக் கைதட்டல்கள்.

பின்பக்கக் கறிவேப்பிலைச் செடியில், பெருக்கல் குறி போல வெள்ளைக் கோடு நெய்த வலையில் வேறொரு சிலந்தி உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் தெரிந்தவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். இந்தப் பதிவைக் குரூப்பில் இல்லாமல், இங்கே என் பக்கத்தில் ஓனர் அக்காவுக்குத் தெரியாதபடிதான் போட்டிருக்கிறேன்.