பாலுக்குள் இருந்த சர்க்கரை

தையல் இயந்திரத்தின் உயிர்நிலை ஊசியில் இல்லை. ஊசிக்குக் கீழே, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்தில் இருக்கிறது. துணியைத் துளைத்து இறங்கிய ஊசி மீண்டும் மேலெழத் தொடங்கும் அந்த நொடியில், நூல் மயிரிழையளவு விலகி ஒரு சிறு வளையமாக விரியும். சுழன்று வரும் கொக்கியின் முனை அவ்வளையத்துள் புகுந்து நூலைப் பற்ற வேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் தையல் விட்டுப்போகும். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தைக் கண்ணால் கண்டு, திருகாணியைத் திருப்பி நேர்செய்வதுதான் மிஷின் அண்ணனுக்குப் பிழைப்பு. அவரை அப்பெயராலன்றி வேறு பெயரால் யாரும் அழைத்ததில்லை.

கடை என்று அவருக்கு ஒன்றில்லை. தோளில் ஒரு கருவிப்பை. அதனுள் திருப்புளிகள், பழந்துணி, எண்ணெய்க் குப்பி. வீட்டிலிருந்தே தைத்து விற்கும் பெண்கள் நிறைந்த நான்கைந்து தெருக்கள் அவருடைய ஆட்சி எல்லை. இயந்திரத்தைக் கவிழ்த்து அவர் வேலையைத் தொடங்கியதும் அடுப்பில் பால் ஏறும். வேலை முடிவதற்குள் தேநீர் வந்துவிடும். அந்தத் தெருக்களில் தேநீர் வெறும் உபசாரம் அன்று. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பழுதுபார்ப்பவர், தேறாது என்று கைவிட்ட இயந்திரத்தின் அருகே இருந்து வாய் நனைக்காமல் எழுந்து போனாராம். அன்றுமுதல் தேநீரை மறுத்தால் அந்த இயந்திரத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றே அங்குப் பொருள் கொண்டார்கள். ஆகவே அவர் எந்த வீட்டிலும் மறுத்ததில்லை.

அறுபதை நெருங்கும் வயதில் அவருடைய வலக்கண்ணில் புரை முற்றியது. இடக்கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. விளக்கை எவ்வளவு அருகே பிடித்தாலும் கொக்கியின் முனை பனிமூட்டத்துக்குள் நின்றது. பழக்கத்தால் கைவிரல் வேலையை முடித்துவிடும். ஆனால் விரலுக்கும் ஓர் எல்லை உண்டு. சீருடை தைக்கும் அம்மையார் ஒருவரின் இயந்திரம், அவர் பார்த்துவிட்டு வந்த மறுவாரமே மீண்டும் தையல் விட்டது. அவர் கை பட்ட இயந்திரம் இப்படித் திரும்பியது அதுவே முதல்முறை.

அறுவை செய்தால் கண் தெளியும் என்றார் கண் மருத்துவர். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தது. "இது இறங்காம கண்ணுல கை வைக்க மாட்டேன். புண் ஆறாது," என்று இருமுறை திருப்பி அனுப்பினார்.

சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதுதான் புதிர். மாத்திரை தவறவில்லை. வீட்டில் இனிப்பு நுழைவதே இல்லை. மனைவிக்கு ஐயம் முழுவதும் கணவர்மேல்தான். மாலையில் அவர் சட்டையைக் கழற்றியதும் அதன் பையை வெளிச்சத்தில் உதறிப் பார்ப்பாள்.

"என்னத்தத் தேடுற?"

"எறும்பு வருதான்னு பாக்குறேன். நீங்கதான் உண்மையச் சொல்ல மாட்டேங்கிறீங்க, எறும்பாவது சொல்லுமில்ல."

"சத்தியமாச் சொல்றேன், ஒரு துளி சர்க்கரை நாக்குல பட்டு எத்தனையோ நாளாச்சு."

"அப்ப காத்துல இருந்தா வருது?"

மூன்றாம் முறை மருத்துவமனைக்குப் போனபோது அவளும் உடன் சென்றாள். சர்க்கரை நோயாளிகளுக்கென்று இருந்த சிறிய அறையில், கண்ணாடி அணிந்த இளஞ்செவிலி ஒருத்தி இருவரையும் உட்காரவைத்தாள். மனைவி வழக்கைத் தொடுத்துவிட்டாள்.

"இவரு வெளியில எங்கயோ திருட்டுத்தனமாத் திங்கிறாரும்மா. நீயே கேளு."

செவிலி சிரித்தாள். "ஐயா, வேலைக்குப் போற இடத்துல என்ன சாப்பிடுவீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. டீ மட்டும்தான். அதுவும் சர்க்கரை போடாத டீ. எல்லா வீட்டுலயும் தெரியும்."

"எத்தனை டீ?"

"வீட்டுக்கு ஒண்ணு. மிஷின் மக்கர் பண்ணா ரெண்டு."

"பால் எவ்வளவு ஊத்துவாங்க?"

இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அதை ஏன் கேக்குற! பாவம், மனுஷனுக்குச் சர்க்கரை இல்லையே, பாலாவது கெட்டியா இருக்கட்டும்னு தண்ணியே காட்டாம பால்லயே கொதிக்க வைப்பாங்க. பெரிய டம்ளர் நிறைய."

செவிலி எழுதுகோலைக் கீழே வைத்தாள்.

"ஐயா, பாலுக்குள்ளயே ஒரு சர்க்கரை இருக்கு. நாக்குக்கு அவ்வளவாத் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும். நீங்க சொல்ற பெரிய டம்ளர் பால்ல ரெண்டு ஸ்பூன் சர்க்கரைக்குச் சமமா இருக்கும்."

"ஆடையை எடுத்துட்டுக் குடிச்சா?"

"கொழுப்பு குறையும். சர்க்கரை அப்படியேதான் இருக்கும்."

"அப்ப பால் விஷம்ங்கிறியா?"

"யாரு சொன்னா? பால் நல்லதுதான். அளவுதான் கணக்கு. டீ நிறம் மாற ஒரு கரண்டி ஊத்தினா பெரிசா ஒண்ணும் ஆகாது. நீங்க டீங்கிற பேர்ல நாள் முழுக்கப் பாலைக் குடிச்சிட்டு, அதைக் கணக்குலயே சேர்க்காம இருக்கீங்க. மாத்திரையை மட்டும் நீங்களாக் கூட்டாதீங்க, குறைக்காதீங்க."

நெடுநாள் தொடுத்திருந்த வழக்கு இப்படித் தோற்கும் என்று மனைவி எதிர்பார்க்கவில்லை.

அவரோ எதையும் ஓட்டிப் பார்க்காமல் நம்பாதவர். விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் சிறு கருவி வீட்டில் இருந்தது. ஒரு காலையில் பாலே விடாத தேநீரைக் குடித்து, முன்னும் பின்னும் சோதித்தார். எண்ணில் பெரிய மாற்றம் இல்லை. மறுநாள் அதே வேளையில், தெருக்களில் கிடைக்கும் தேநீரைப் போலவே பாலில் கொதிக்கவைத்துத் தரச்சொல்லிக் குடித்தார். இம்முறை எண் மளமளவென ஏறி நின்றது. ஒரு டம்ளருக்கே இப்படி என்றால், வீடு வீடாக ஏறி இறங்கும் நாளில் எப்படி இருந்திருக்கும்! மனைவி அக்கருவியை வாங்கி எண்ணைப் பார்த்தாள்.

"நான் வேற உங்களைத் திருடன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

"திருடன்தான். எனக்கே தெரியாம திருடியிருக்கேன்."

அறிவது எளிது, அறிந்தபடி நடப்பது அரிது. இனித் தேநீரை மறுக்க வேண்டும். அந்தத் தெருக்களில் மறுப்பது எப்படி? எவர் மனமும் நோகாமல் சொல்லும் சொல்லைத் தரும்படி இறைவனை வேண்டிக்கொண்டுதான் அன்று அவர் வாசற்படி இறங்கினார்.

சீருடை அம்மையாரின் வீட்டில் இயந்திரத்தைக் கவிழ்த்தார். நீலத் துணிக் குவியலுக்கு அப்பால் அடுப்படியில் பாத்திரம் ஒலித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, இன்னைக்கு டீ வேணாம்."

பாத்திர ஒலி நின்றது. அம்மையார் கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"எது?"

"மிஷின்தான். மறைக்காதீங்க அண்ணே. பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, இவ்வளவு துணி கிடக்கு. தேறுமா, தேறாதா?"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மிஷின் கல்லு மாதிரி இருக்கும்மா. தேற வேண்டியது நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: கண்ணில் விழுந்த புரை, தள்ளிப்போகும் அறுவை, பாலுக்குள் ஒளிந்திருந்த சர்க்கரை. அம்மையார் கரண்டியால் தம் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார்.

"அடப்பாவமே! பாத்துப் பாத்துக் கெட்டியா ஊத்தி, நானே உங்க கண்ணைக் கெடுத்துட்டேனா?"

"கண்ணைக் கெடுத்தது வயசும்மா. ஆபரேஷனைத் தள்ளிவிட்டதுலதான் உங்களுக்குப் பங்கு."

"நல்ல பங்கு போங்க! சரி, பால் விடாம ஒரு டீ தரேன். அதையாவது குடிச்சாத்தான் எனக்கு இந்த மிஷின் மேல நம்பிக்கை வரும்."

குடித்தார். முதல் மிடறு கசந்தது. மூன்றாம் மிடற்றில், பாலின் போர்வைக்குள் இத்தனை ஆண்டு உறங்கிக் கிடந்த தேயிலையின் மணம் மெல்ல எழுந்தது.

தைப்பவர்களின் ஊசியைவிட அவர்களுடைய நாக்கு விரைவாக ஓடும். அந்த வாரம் முடிவதற்குள் எல்லா வீட்டிலும் செய்தி பரவிவிட்டது. சிலர் தாமாகவே பால் விடாத தேநீரைக் கொணர்ந்தனர். ஒருவர் மட்டும் கதவிடுக்கில் தலையை நீட்டி, "எங்க வீட்டுல பாலே கிடையாது அண்ணே, பவுடர்தான். அது ஒண்ணும் செய்யாதில்ல?" என்றார்.

"தண்ணி போனாலும் பால் பால்தான் தாயி."

மருத்துவர் மாத்திரையின் அளவைச் சற்றே மாற்றினார். மாலையில் மனைவி அவரை நடக்க அழைத்துச் சென்றாள். எண் ஒரே நாளில் விழவில்லை. பிடிவாதக்காரப் பிள்ளையைப் போல இரண்டடி இறங்கி ஓரடி ஏறியது. ஒருமுறை அது திடீரென எகிற, அவர் மனம் தளர்ந்து கருவிப்பையைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். மனைவி பையை எடுத்து அவர் தோளில் மாட்டி, "உக்காந்திருந்தா இன்னும் ஏறும், கிளம்புங்க," என்று தள்ளிவிட்டாள்.

அடுத்த பரிசோதனையில் செவிலி தாளை அவர்முன் நகர்த்தினாள். அவருக்கு எழுத்துப் புலப்படவில்லை.

"என்னம்மா போட்டிருக்கு?"

"அதை வாசிக்கிறதுக்குத்தான் டாக்டர் உங்களுக்குத் தேதி குடுத்திருக்காரு."

மனைவி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேர்க்குது," என்றாள், மின்விசிறியின் கீழ் நின்றபடி.

அறுவை முடிந்த மறுநாள் கண்கட்டு அவிழ்ந்தது. முதலில் வெளிச்சம் வெள்ளமாகப் புகுந்தது. பின்பு அதற்குள்ளிருந்து கட்டிலின் விளிம்பு, மருந்துக் குப்பி, அருகே குனிந்து நின்ற மனைவி என்று ஒவ்வொன்றாகக் கரையேறின. அவர் அவளை உற்றுப் பார்த்தார். பார்வை அவள் தோளில் வந்து நின்றது.

"இந்த ரவிக்கை யார் தைச்சது? மேல்நூல் தளர்ந்து கிடக்கு. மிஷினைப் பாக்கவே தெரியாத எவன்கிட்டயோ குடுத்திருக்காங்க."

"பக்கத்து வீட்டுல தைச்சது. அந்த மிஷினைப் போன வருஷம் பாத்தது நீங்கதான்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான்," என்றார் மிஷின் அண்ணன், மங்கலாயிருந்த மற்றொரு கண்ணைக் கையால் மூடி, தெளிந்த கண்ணால் அந்தத் தையலை மீண்டும் ஒருமுறை பார்த்தபடி.