முதல் உருண்டை கௌரக்காவுக்கு

கௌரக்கா போய்விட்டார். நேற்று மத்தியானம், பாகலூர் ரோட்டில், மகள் வீட்டில்...

எங்கள் கம்பெனி ரிட்டையர்டு ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. மேலே ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூ. கீழே வரிசையாக ஆர்.ஐ.பி.

போட்டவர்களில் மூன்று பேருக்கு அதைப் போட யோக்கியதை கிடையாது. எனக்கும் கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காக... எண்பதுகளில் ஓசூரில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே, புளியமரத்தடியில் ராகிக்களி விற்றவர் கௌரக்கா. பக்கத்தில் ஒரு பாயின் சமோசா வண்டி. அதற்கடுத்து தட்டு இட்லி, மசால் பூரி.

இப்போது யூடியூபில் ஒருத்தன் "ஓசூரின் டாப் டென் பாரம்பரியத் தெருக்கடைகள்" என்று சுற்றிக் காட்டுகிறான். ஏசி ஹாலில் களிக்கு நடுவே குழி பறித்து நெய் ஊற்றுகிறார்கள். பாரம்பரியமாம். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். ட்ரெய்னியாகச் சேர்ந்த முதல் நாள், களியை வாயில் போட்டு மென்றேன். பல்லெல்லாம் அப்பிக்கொண்டது. வெல்டிங் ஷாப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"மெல்லாத தம்பி, மெல்லாத! சாறுல தொட்டு அப்படியே முழுங்கு. இதுல பல்லுக்கு வேலையே கெடையாது" என்றார் கௌரக்கா.

வீட்டில் தெலுங்கு, தட்டு இட்லிக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. லஞ்ச் சைரன் ஊதியதும் கோணியைப் பிரித்துக் குண்டானைத் திறப்பார். முதல் உருண்டையில் ஒரு விள்ளல் பிய்த்து, எங்கள் முன்னாலேயே விழுங்கித் தண்ணீர் குடிப்பார். அப்புறம்தான் எங்களுக்குத் தட்டு.

"ஆக்கினவ மொதல்ல தின்னணும்ப்பா. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கும் ஒண்ணு."

ஒருநாள் கூட இது தவறியதில்லை.

அப்புறம் கம்பெனிக்குள் கேன்டீன் திறந்தார்கள். கான்ட்ராக்டர் யாரோ மேனேஜருக்கு மச்சான் என்று பேச்சு. சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை. கூட்டம் பழையபடி புளியமரத்தடிக்கே போனது.

ஒருநாள் கேன்டீனில் முட்டை குருமா ஸ்பெஷல். நாக்கைக் கட்ட முடியாமல் நாங்கள் நாலு ட்ரெய்னிகள் உள்ளேயே சாப்பிட்டோம். பொழுது சாய்வதற்குள் வாந்தி, பேதி... நாலு பேரும் ஆஸ்பத்திரியில் வரிசையாக.

மறுநாள் பர்சனல் ஆபீசர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கூடவே டைப் அடித்த ஒரு பேப்பர். கேட்டுக்கு வெளியே களிக்கடையில் சாப்பிட்டதால்தான் எங்களுக்கு உடம்பு முடியாமல் போனது என்று அதில் இங்கிலீஷில் இருந்தது.

"அடுத்த மாசம் உங்களுக்கெல்லாம் கன்ஃபர்மேஷன் வருதில்ல? உடம்பப் பாத்துக்குங்க" என்றார். பேனா மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார்.

போட்டேன்.

ஊரில் எனக்கு வேலை பர்மனென்ட் என்று சொல்லித் தங்கச்சி கல்யாணத்தைப் பேசி முடித்திருந்தார்கள்... இதெல்லாம் சாக்கு. கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

நான் டூட்டிக்குத் திரும்பிய அன்று லஞ்ச் நேரத்தில் டவுன் பஞ்சாயத்து லாரி வந்து நின்றது. கூட ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர். குண்டானைச் சாக்கடையில் கவிழ்க்கச் சொன்னார்.

கௌரக்கா கத்தவில்லை. "இருங்க சார். ஊத்தறதுன்னா ஊத்துங்க. மொதல்ல நான் தின்னுக்கறன்" என்று தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு விள்ளல் இல்லை. முழு உருண்டையையும் ஒவ்வொரு வாயாக விழுங்கி முடித்தார்.

பிறகு கேட்டைப் பார்த்துக் கேட்டார். "என் கையால தின்னு யாருக்குப்பா வவுறு போச்சு? அவுங்க வந்து சொல்லட்டும்."

கேட்டுக்கு உள்ளே ஷிஃப்ட் மொத்தமும் நின்றிருந்தது. நாங்கள் நாலு பேரும் கூட்டத்தில்தான் நின்றோம். ஒருத்தன் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் டைம் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவிழ்த்தார்கள். நாங்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்ட அதே பேப்பரைக் காட்டி சமோசா பாய் வண்டி, தட்டு இட்லி, மசால் பூரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் எனக்கு ஆர்டர் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்டு, சால்வையெல்லாம் வாங்கித்தான் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். தொண்ணூறுகளில், பாகலூர் ரோட்டில். வீட்டு வாசலில் வைத்துக் கட்டட வேலைக்காரர்களுக்குக் களி போட்டுக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"யாரு, மென்னு தின்ன தம்பிதான? வா, உக்காரு."

உட்கார்ந்தேன். என் பங்கு உருண்டை தட்டுக்கு வந்தது. பந்தி பாதி முடிந்திருந்தது; அன்றைய முதல் உருண்டை எப்போதோ ஆகியிருக்கும். இருந்தும் என் தட்டிலிருந்தே ஒரு விள்ளல் பிய்த்தார். சாறில் தொட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

"தின்னு தம்பி. பயப்படாத. நான் தின்னுட்டன்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்கு விழுங்க முடியவில்லை. மென்றுகொண்டே இருந்தேன்...

கமெண்டில் வந்து யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

கௌரக்கா, உங்கள் களியால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு வயிறு போனது கேன்டீன் குருமாவால்.

போய் வாங்க அக்கா.