கானோரம் விட்ட எலிகள்

தோட்டம் கம்பனிக்காரர்கள் கைக்குப் போன கொஞ்ச காலத்திலேயே நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருந்த தேயிலை மலையை அப்படியே கைவிட்டுவிட்டார்கள். கொழுந்தெடுக்கவும் ஆள் போகவில்லை, புல் வெட்டவும் ஆள் போகவில்லை. தேயிலையை மூடிக்கொண்டு மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்தது. அதற்குள் எலி பெருகியது. பெருகியதெல்லாம் கீழே எங்கள் மரக்கறித் தோட்டத்துக்குத்தான் இறங்கி வந்தது.

மரக்கறித் தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லயத்தின் பின்பக்கம், மண் சரியாமலிருக்கக் கல் அடுக்கிக் கட்டிய ஒரு துண்டு நிலம். பகலெல்லாம் மலையில் நின்று, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அந்தக் களைப்போடு நான் கொத்திய நிலம். அந்த வருஷம் முக்கால்வாசியும் மரவள்ளி நட்டிருந்தேன். செடி ஜோராக வந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் இலையைப் பார்த்து, “நல்லா கிழங்கு வச்சிருக்கும்” என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒருநாள் சமைக்கலாமென்று ஒரு செடியைப் பிடுங்கினேன். இழுத்த இழுப்புக்குச் சும்மா கையோடு வந்துவிட்டது. கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் மேல்தோல் மட்டும் குழாய் மாதிரி தொங்கியது. உள்ளே வெறும் மண். பக்கத்துச் செடியைப் பிடுங்கினேன், அதுவும் அப்படியே. மேலே பச்சைப்பசேலென்று இலை ஆடிக்கொண்டிருக்க, கீழே எலி எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாயில் வந்தபடி திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

பொந்துக்குள் மிளகாய்ப் புகை போட்டேன். எலி வரவில்லை, நான்தான் இருமி இருமிக் கண் சிவந்தேன். பொந்தைக் கல் வைத்து அடைத்தால் மறுநாள் பக்கத்தில் புதுப் பொந்து. மருந்து வைக்கலாமென்றால் லயத்துக் கோழிகளெல்லாம் அங்கேதான் மேயும். கங்காணியிடம் போய், “மேல இருக்கிற புல்லையாவது வெட்டச் சொல்லுங்க” என்று கேட்டேன். “கொழுந்து எடுக்கிற மலைக்கே ஆள் இல்ல, எலிக்கு எங்கம்மா ஆள் போடறது?” என்றார்.

கடைசியில் பலாங்கொடை டவுனுக்குப் போன நாளில் கம்பிக்கூடு ஒன்று வாங்கினேன். கடை முதலாளி, “ஹொந்த உகுலக், நங்கி” என்று சிங்களத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நல்ல பொறிதான். தங்கச்சி என்று கூப்பிட்டுப் பொய் சொல்லவில்லை. சுட்ட தேங்காய்த் துண்டை மாட்டி வைத்தால், விடிந்து பார்க்கும்போது உள்ளே ஒன்று உருண்டையாக உட்கார்ந்திருக்கும்.

பிடிபட்டதைக் கொல்லுவது என் வீட்டுக்காரரின் வேலை. அவர் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் வேலை செய்தார். “நீ ஏன் அதையெல்லாம் தொடுற? நான் ஆத்துல முக்கிட்டு வந்துர்றேன்” என்று கூட்டைத் தூக்கிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது கூடு நனைந்திருக்கும். எனக்கு அவ்வளவு திருப்தி.

ஆனால் மரவள்ளிக்குப் பக்கத்தில் மண் பறித்திருப்பது நிற்கவே இல்லை. இத்தனை எலி செத்தும் குறையவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கீழ் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். எங்கள் நிலத்துக்கும் அவர் நிலத்துக்கும் நடுவே ஒரு கான் ஓடும், மழைத் தண்ணீர் போகிற கான். மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் நாங்கள் கொழுந்தெடுப்போம். அவரும் போஞ்சியும் பூசணியும் போட்டிருந்தார். மகள் பெரியவளாகியிருந்தாள். சடங்குக்கு வீட்டுப் பூசணிக்காய்தான் கறி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

“எங்க பக்கமும் வந்துருச்சிடி. முந்தி இப்பிடி இல்ல” என்று ஒருநாள் நிரையில் நின்று சொன்னார்.

“கூடு வாங்குங்கக்கா. எங்க வீட்ல தினமும் மாட்டுது. அவர் ஆத்துல முக்கிட்டு வந்துர்றாரு” என்று பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம். அக்கா நிற்கிறார். ஒரு கையில் எங்கள் கம்பிக்கூடு, காலியாக. இன்னொரு கையில் அடிப்பக்கம் ஓட்டையான ஒரு பூசணிக்காய். பின்னால் என் வீட்டுக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

“இதுதான் ஒங்க ஆறா?” என்று கேட்டார் அக்கா. “எங்க கானோரத்துல கூட்டத் தொறந்து வுட்டுட்டு, கான் தண்ணியில கூட்டக் கழுவுறாரு ஒன் புருஷன்! நானே பாத்தேன்! ஒங்க வீட்டு எலிக்கு எங்க வீட்டுப் பூசணிக்காயா?”

காயைக் கவிழ்த்தார். உள்ளே பாதி இல்லை. கடித்துப்போட்ட விதையெல்லாம் எங்கள் வாசலில் கொட்டியது. லயத்தில் எல்லாக் கதவும் திறந்துகொண்டது.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். “உண்மையாங்க?”

“கொல்ல முடியலம்மா” என்றார். “மொத நாளே முடியல. கையக் கூப்புற மாதிரி நிக்குதும்மா அது.”

அதைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். அக்காவுக்கு இன்னும் கோபம் ஏறியது. “நீ நல்லவளாட்டம் நிரையில நின்னு என்னைய கூடு வாங்கச் சொன்னியே” என்று என்னிடம் பாய்ந்தார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. அக்கா கூட்டை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்.

“கான் அந்தப் பக்கம் விட்டா திரும்பி வராதுன்னு நெனச்சேன்” என்றார் இவர், ரொட்டி கருகிய வாசனைக்கு நடுவில். அவருக்குத் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுக்காமல் நான் பின்பக்கம் போய்விட்டேன்.

அடுத்தது மாட்டியபோது நானே கொன்றேன். பின்பக்கம் இருந்த பீப்பாய்த் தண்ணீரில் கூட்டை அமுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கம்பி வழியாக அதன் உதறல் கையில் ஏறி நின்றது. அவர் செய்தது எதனாலென்று அப்போது புரிந்தது. புரிந்தும் கோபம் குறையவில்லை. முடியாது என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா?

ஒவ்வொரு காலையும் அப்படி நிற்க என்னாலும் ஆகவில்லை. மிச்சமிருந்த மரவள்ளியை எல்லாம் முற்றுவதற்கு முன்பே பிடுங்கினேன். விரல் தடிப்புக் கிழங்குகள். பாதியைக் கூடையில் போட்டு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“எலி மிச்சம் வச்சதா?” என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். அதோடு என்னோடு பேச்சில்லை. மலையிலும் நிரையை மாற்றிக்கொண்டார். பக்கத்தில் பேச்சுத் துணை இல்லாமல் கொழுந்தெடுப்பது எவ்வளவு நீளமான வேலை என்று அந்த மாதங்களில் தெரிந்தது.

சடங்குக்குப் பூசணிக்காயைப் பலாங்கொடைச் சந்தையில்தான் வாங்கினார்கள். கூப்பிட வேண்டிய முறைக்குக் கூப்பிட்டார், நாங்களும் போனோம். இவர் விறகுக் கட்டோடு உள்ளே நுழைந்ததும் அக்கா அடுப்படியிலிருந்து சத்தமாக, “எலிக்காரரு வந்துட்டாரு, விறக வாங்கி வைங்க!” என்றார். வீடே சிரித்தது. அக்காவும் சிரித்தார். எங்களுக்குள் பேச்சு மறுபடி தொடங்கியது அன்றைக்குத்தான். “வா, வந்து வெங்காயம் உரி” என்றார்.

ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெக்டரியில் எலிக்காரர், தேங்காய் வாங்கப் போனால் எலிக்காரர். சிங்களத்தில் ‘மீ மாமா’, எலி மாமா, என்றும் ஒருவர் ஆரம்பித்துவைத்தார். ஒருமுறை பஸ்ஸுக்காகப் பலாங்கொடையில் நிற்கும்போது யாரோ தூரத்திலிருந்து அப்படிக் கூப்பிட, இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரியே திரும்பிக் கையை ஆட்டினார்.

மானாப்புல்லை யாரும் வெட்டவே இல்லை. அடுத்த வருஷம் அந்த நிலத்தில் நான் ஒன்றும் நடவில்லை. காசு கொடுத்துக் கடையில் மரவள்ளி வாங்குகிற ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. இவர் மட்டும் நன்றாக வெந்த துண்டாகப் பார்த்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, “நம்ம கிழங்கு இத விட நல்லா இருந்திருக்கும்” என்பார்.