தேத்தண்ணி நேரத்து அறை

எண்பதுகளில் இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் எங்களோடு வேலை பார்த்தவர் சிசிலி அக்கா. முணுக்கென்றால் கோபம் வரும். புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடித்து மயங்கி வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி, பலகை வைத்துத் தடுத்த தேயிலைப் பெட்டியின் அறைகளில் போடுவார். எந்த மலை, எந்த மருந்து என்று பிரித்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டி, மயங்கிய நேரப்படி அடுக்கினார். காலைத் தேத்தண்ணிக்குப் பிந்திய அறை நிரம்பி வழிந்தது.

அடுத்த நாளே தேத்தண்ணி நேரத்துக்கு மலையேறிப் போய்ப் பார்த்தார். மருந்தடிப்பவர்கள் மருந்து கலக்கிய விரலாலேயே சுண்ணாம்பு தடவி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்!

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று சத்தம் போட்டார். "எல்லாரும் வெத்தலப் பைய எங்கிட்ட குடுங்க. தேத்தண்ணிக்கு நானே சவுக்காரத்தோட மலைக்கு வர்றேன். கை கழுவினாத்தான் பை."

"இது அநியாயமுங்க!" என்றார் மருந்தடிக்கும் முத்துலிங்கம்.

"அநியாயந்தான். கழுவுங்க."

திட்டிக்கொண்டே கழுவினார்கள். அந்த அறைக்கு அட்டை வருவது குறைந்து, நின்றே போனது.

ஒரு காலையில் பக்கத்து லயத்து வீட்டுக் கோழி ஒன்று அந்தக் காலி அறையில் அடை உட்கார்ந்திருந்தது. விரட்டப் போன என் மேல் பாய்ந்தார் அக்கா.

"தொட்டுறாத! இத காலி பண்ண நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொரிக்கட்டும்!"