ஹோல்டில் இருந்த ஏகாம்பரம்

நண்பர்களே, நீங்கள் யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்கிறேன் என்று நெஞ்சில் கைவைத்து உறுதி கூறுகிறேன். புதன்கிழமை காலை அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றிருந்தபோது ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா போன் செய்தாள். "அண்ணே, அவரு போயிட்டாரு." அந்த நொடியில் தொழிற்பேட்டையில் இருந்த லேத் மெஷின்கள் அத்தனையும் தாமாக நின்றன. பாடி மேம்பாலம் இரண்டு அங்குலம் தாழ்ந்து எழுந்தது.

ஏகாம்பரத்தை 'அவர்' என்று எழுத மாட்டேன். எழுதினால் எழுந்து வந்து ரிஜெக்ட் செய்துவிடுவான். எங்கள் கம்பெனியில் இருபத்தாறு வருடம், செய்த பீஸ்களை அளந்து பாஸ் பண்ணும் இன்ஸ்பெக்டர். சூரியனையே மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, "லேசா ஓவலா கீது நைனா, எடுத்துகினு போ" என்று திருப்பி அனுப்பக்கூடியவன்.

அவனுக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னபோது நானும் கூட இருந்தேன். "எத்தினி வருசத்துல எவ்ளோ மோசமாவும்? பிளஸ் மைனஸ் சொல்லுங்க டாக்டர்" என்றான். "ஒவ்வொருத்தருக்கு ஒரு மாதிரி, சொல்ல முடியாது" என்றார் அவர். வெளியே வந்ததும் என்னிடம், "அளவு போட்ட டிராயிங்கே இல்லாம இன்ஸ்பெக்சன் பண்ணச் சொல்றாங்கடா" என்றான். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பிறகு கால்கள் நடுவழியில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன, அதுவும் வாசற்படி வந்தால். மாத்திரை ஒரு நாள் கேட்கும், மறுநாள் கேட்காது. எப்போது உறைவோம் என்று தெரியாததால் வெளியே போவதையே விட்டான். எட்டு மாதம். அந்த மூன்றடி வாசல் அவனுக்கு வங்காள விரிகுடா.

ஒரு நாள் காலை போனேன். சட்டைப் பொத்தானில் சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் கழித்துப்போடும் பீஸுக்குக் கட்டுவது. கோணல்மாணலாகத் தன் பெயரையும் எழுதியிருந்தான்.

"உன்னை உருக்கினா ரெண்டு ஸ்பேனர் தேறும்டா" என்றேன். என் வாழ்நாளின் மிக மட்டமான ஜோக்.

"நாளைக்கு நிக்குமா வுழுமான்னு தெரியாத பீஸை நீ பாஸ் பண்ணுவியா, சொல்லு" என்றான்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அட்டைக் கட்டுக்குள்ளிருந்து மஞ்சள் அட்டை ஒன்றை உருவினாள். மஞ்சள் என்றால் ஹோல்ட். முடிவு தெரியும்வரை அந்தப் பீஸை யாரும் தூக்கிப் போடக் கூடாது.

"தெரியலைன்னா செவப்பா கட்டுவாங்க? இத்தினி வருசம் இன்னா வேலை பாத்தீங்க?"

இருபத்தாறு வருடத்தில் அவன் தவறான நிற அட்டையைக் கட்டியது அதுவே முதல் முறை. "தப்புதான்" என்றான். சிவப்பை அவிழ்த்து மஞ்சளைக் கட்ட அவன் விரல்களுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. நாங்கள் இருவரும் உதவவில்லை.

நோய் ஓடிவிடவில்லை. சில நாட்கள் டீக்கடை வரை வந்தான், சில நாட்கள் கட்டிலைவிட்டே எழவில்லை. ஒரு தடவை என்னோடு வரும்போது நடு ரோட்டில் கால் உறைந்தது. லாரிக்காரன் தலையை நீட்டி, "யோவ், ஊட்டுல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்தினான்.

"ஹோல்டுல கீறேன் மாமே, சுத்திகினு போ!" என்றான் ஏகாம்பரம். லாரிகள் வேலப்பன்சாவடியைத் தாண்டி பெங்களூர் வரை வரிசை கட்டின.

அவனைப் பார்க்கப்போன நாம் எல்லோரும், நானும்தான், "சரியாயிடும்" என்றே சொல்லிவிட்டு வந்தோம். இப்போது நான் யாரிடமும் அதைச் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

லாரி வரிசை என் கைச்சரக்கு. நின்றது ஒரு லாரி, இரண்டு ஆட்டோ. ஆனால் அந்த லாரிக்காரனுக்கு அப்படிக் குரல் கொடுத்த அடுத்த நொடியே, என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பயமா கீதுடா" என்றான். "எனக்கும்தான்டா" என்றேன். அது மட்டும் உண்மை.