புது வண்டியும் என் தொட்டியும்

எங்கள் வீட்டு வாசலில் புது மோட்டார் சைக்கிள் வந்து நின்ற அன்று, அதைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்காத ஜீவன்கள் அந்தத் தெருவில் இரண்டுதான். ஒன்று எதிர்வீட்டில் கட்டியிருந்த எருமை. இன்னொன்று நான். கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் எருமையிடம் கேட்டிருப்பார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு அது. பள்ளிப் படிப்பை முடித்து, மதுரையில் பயிற்சி எடுத்து, தேனியில் நான் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். என் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்குத் தேயிலைத் தூள் போடுவார். அதற்காக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அதன் இடது பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு சைடு கார் பூட்டியிருக்கும். ஊரில் அதைத் தொட்டி என்பார்கள். தொட்டிக்குள் காலடியில் தூள் மூட்டை, இருக்கையில் நான், என் மடியில் தகரப் பெட்டி. கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று அவர் தூள் போடும் ஊர்களில் எல்லாம் எனக்கும் வேலை இருந்தது. மாட்டு வண்டியில் போனால் நான் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும், நல்லதோ கெட்டதோ. தொட்டி இருந்ததால்தான் அந்த ஊர்களில் நான் நர்ஸம்மா. அது இல்லாவிட்டால் தேனியைத் தாண்டாமல் வீட்டில் இருக்க வேண்டியவள்தான்.

புது வண்டியை மதுரையிலிருந்து ஒரு ஏஜெண்டு ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த வருடம் சீமையிலிருந்து புதிதாக இறங்கியது என்றார். வண்டியில் எதையும் எதுவும் மூடவில்லை. கால் மறைக்கும் தகடு இல்லை. செயினுக்கு மூடி இல்லை. பின்சக்கரத்தின் மேல் கையகலத் தகரம் ஒன்று. எஞ்சின், குழாய், கம்பி எல்லாம் வெளியே பளபளவென்று தெரிந்தன.

பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏலக்காய் வியாபாரி. சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்துப் போடிக்குப் போய் வருகிறவர். சனிக்கிழமைச் சந்தையில் மாட்டுத் தரகுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். இன்னொருவர் மலையில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவரும் வண்டி ஓட்டுகிறவர், வயதில் சின்னவர். வாசலில் கிடந்த தேயிலைப் பெட்டிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் நிலைப்படிக்கு உள்ளே நின்றேன். அந்நிய ஆண்களிடம் “காபி எடுத்துக்கிடுங்க” என்பதற்கு மேல் நான் பேசியதில்லை.

“என்னண்ணே, துணிமணி இல்லாம கொண்டாந்து நிறுத்தியிருக்காக” என்றார் ரைட்டர்.

“ஏலே, காளைக்கு எதுக்குலே வேட்டி?” என்றார் வியாபாரி. “உடம்பு தெரியணும். தெரிஞ்சாத்தான் வாங்குறவனுக்கு நம்பிக்கை.”

அவர் எழுந்து போய்ப் பெட்ரோல் டாங்கை உள்ளங்கையால் தடவிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “தம்பி, இந்தத் திமிலப் பாருங்க. உங்க பழைய வண்டிக்குத் திமிலே கிடையாது. முதுகு முழுக்கக் குழி.” பிறகு குனிந்து பின்பக்கமும் பார்த்தார். “சுழியெல்லாம் சுத்தம்.”

மாட்டின் மயிர்ச் சுழியைப் பார்த்துத்தான் ராசி சொல்வார்கள். இரும்பில் சுழி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

கியர் இனிமேல் கையில் இல்லை, காலில் என்றார் ஏஜெண்டு. கையை எடுக்காமலே மாற்றலாமாம். “நல்லதாப் போச்சு” என்று என் வீட்டுக்காரரைக் காட்டினார் ரைட்டர். “அண்ணன் கியர் போடக் கையெடுத்தா வண்டி வேலியப் பாத்துல்ல போகுது.” குமுளி மலையில் ஏறுமா என்று கேட்டார்கள். போடி மெட்டு வளைவில் எப்படித் திரும்பும் என்று கேட்டார்கள். மழையில் ஸ்டார்ட் ஆகுமா என்று கேட்டார்கள். மயிலாடும்பாறைப் பாதையில் குறுக்கே வரும் மூல வைகை ஆற்று மணலில் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. மற்ற இருவரும் அந்த வருசநாட்டுப் பக்கம் போகிறவர்கள் இல்லை, விட்டுவிடலாம். என் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் அந்த மணலைக் கடக்கிறவர், அதுவும் என்னை வைத்துக்கொண்டு. அவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாளவில்லை.

வீரபாண்டி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“மதினி, அண்ணன் பத்து வயசு குறைஞ்சுல்ல வந்திருக்காக” என்று ரைட்டர் உள்ளே பார்த்துச் சொன்னார். குறைந்த வயதெல்லாம் என் தலையில் வந்து ஏறியதுபோல் இருந்தது.

நான் உள்ளே போய் என் தகரப் பெட்டியை எடுத்து வந்து, புது வண்டியின் பக்கத்தில், எல்லாருடைய கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டு நிலைப்படிக்குத் திரும்பினேன். பேசின், ரப்பர் விரிப்பு, மருந்துப் புட்டி எல்லாம் இருக்கிற பெட்டி. இது எங்கே போகும், இதை வைத்திருக்கிறவள் எங்கே உட்காருவாள் என்று யாருக்காவது தோன்றும் என்று நினைத்தேன். ரைட்டர் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்த்தார். அங்கிருந்து பார்க்க வசதியாக இருந்ததாம்.

கடைசியில் ஏஜெண்டுதான் என்னைக் கவனித்தார். பின்சக்கரத்தின் மேல் இருந்த கம்பிச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். “அம்மா தாராளமா உட்காரலாம் சார். ஒரு தலையணை போட்டாப் போதும்.”

“நம்ம தங்கச்சிக்கு என்ன” என்றார் வியாபாரி. “ஏலக்காய்ச் சாக்கு கனம்கூட இருக்காது. ஒரு கயித்தப் போட்டுக் கட்டிட்டா கூடலூர் வரைக்கும் அசையாது.”

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் செயினைப் பார்த்தேன். என் கால் தொங்குகிற இடத்தில் எண்ணெய் மினுங்க அது திறந்து கிடந்தது. பக்கத்திலேயே சக்கரக் கம்பிகள். என் சேலை முந்தானை ஒரு தடவை காற்றில் எழுந்தால் போதும். நான் பிரசவம் பார்க்கப் போகிற வீட்டில் என்னைப் பார்க்க ஆள் வேண்டியிருக்கும். வாங்குகிறவருக்கு உடம்பு தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் திறந்து விட்டிருக்கிறார்கள். பின்னால் உட்காருகிறவளுக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு.

அதற்குள் வியாபாரி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் துண்டைப் போட்டுக் கைகளை மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார். ஒப்புக்கொண்டு கையை வெளியே எடுத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றிப் பேசுகிறவனை அடுத்த சந்தையில் யாரும் சேர்க்கமாட்டார்கள். மோட்டாருக்கும் அப்படியே செய்தார்கள். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பது, மேலே எவ்வளவு பணம் போட்டுக் கொடுப்பது என்பது பேச்சு. வியாபாரி முதலில் ஏஜெண்டின் கையைப் பிடித்தார், பிறகு என் வீட்டுக்காரரின் கையை, மறுபடி ஏஜெண்டின் கையை. ஏஜெண்டு இந்தப் பக்கம் பல தடவை வந்தவர். அவருக்கும் அந்தப் பழக்கம் தெரிந்திருந்தது. விரல் தொகையைச் சொல்லும். தொட்டியைப் பற்றி அது என்ன சொல்லும்?

“முடிஞ்சது” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார் வியாபாரி.

ஏஜெண்டு எழுந்து தன் பையைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள், நான் உட்காரும் இடத்தில் வைத்தார். தொட்டியும் வண்டியோடு போகிறது என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நான் திரும்பவும் நிலைப்படியைத் தாண்டி வந்துவிட்டேன்.

“கயிறு யாருக்கு?” என்று கேட்டேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

“என்ன தங்கச்சி?” என்றார் வியாபாரி.

மாடு கைமாறினால் கயிறு கைமாறாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். விற்றவர் தன் கயிறு, மணி, மாட்டில் கட்டியிருப்பது எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு போவார். வாங்கியவர் தன் கயிற்றைப் போட்டுப் பிடிப்பார்.

“மாடு வித்தா கயிறு வித்தவுகளுக்குத்தானே? எங்க மாட்டுல கட்டியிருக்கிறத அவுத்து வச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

ஏஜெண்டு சிரித்தார். “அம்மா, இது மாடு இல்லம்மா, மோட்டார்.”

“காலையில இருந்து திமிலு, சுழின்னு பேசுனீகளே. அப்ப யாரும் மோட்டார்னு சொல்லலையே.”

“மதினி பேசுவாகளா?” என்றார் ரைட்டர், பெட்டியிலிருந்து எழுந்துகொண்டே.

“நீ உள்ள போ” என்றார் என் வீட்டுக்காரர். நான் போகவில்லை. தைரியம் என்று சொல்லமாட்டேன். தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வியாபாரி தன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஏஜெண்டிடம், “துண்டுக்குள்ள தொட்டிப் பேச்சு வந்துச்சா?” என்று கேட்டார்.

“அது வண்டியோட சேர்ந்ததுதானே சார்.”

“கயிறும்தான் மாட்டோட சேர்ந்தது. வந்துச்சா, வரலையா?”

“வரலை.”

“அப்ப அவுத்துருங்க.”

“தொட்டி இல்லாம எனக்கு இந்த வியாபாரம் வேண்டாம் சார்.”

“கைய எடுத்தாச்சுல்ல. இப்ப வேண்டாம்னா, இனிமே நீங்க இந்தப் பக்கம் வண்டி கொண்டாரவே வேண்டாம்.”

இதைச் சொன்னதற்காக ஊரில் அவரை நியாயவான் என்றார்கள். இருக்கட்டும். ஆனால் அவர் எனக்காகப் பேசவில்லை. தன் துண்டுக்காகப் பேசினார். நான் பிரசவத்துக்கு எப்படிப் போவேன் என்று அப்போதும் அவர் கேட்கவில்லை.

போல்டுகளைக் கழற்றினார்கள். ஏஜெண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒற்றையாய் நின்ற பழைய வண்டியில் ஏறிப் போனார். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து வாசலில் கிடந்தது. ரைட்டர், “மதினிக்குக் குளிக்க ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“இப்ப இத எங்கன கட்டுவ?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “என் தலையிலயா?”

“உங்க புது மாட்டுல.”

“அதுல பூட்டுறதுக்கு இடமே கிடையாது.”

“அதத்தான் காலையில கேட்டிருக்கணும்.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மயிலாடும்பாறையிலிருந்து ஆள் வந்தது. தலைப்பிள்ளைக்காரி, மாதம் நெருங்கிவிட்டது, நர்ஸம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டுப் போக வந்தவன். வாசலில் கிடந்த தொட்டியையும் தனியாக நின்ற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். “வண்டி தொட்டி போடலையாக்கும்?” என்றான், மாடு கன்று போட்டதா என்று கேட்கிற மாதிரி. என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிக்கிற கொல்லரிடம் போனார்.

கொல்லர் இரும்புப் பட்டையை வளைத்து வண்டியின் குழாயைச் சுற்றிப் பிடிக்க வைத்து, அதில் தொட்டியைப் பூட்டினார். பார்க்க நன்றாக இல்லை. புது வண்டியின் மினுமினுப்புக்குப் பக்கத்தில் கரி படிந்த பட்டையும் உரிந்த தொட்டியும். வேகம் பாதியாகிவிட்டது. வண்டி இடது பக்கமே இழுத்தது. வண்டிப் பேட்டையில் அவர் நண்பர்கள், “ஜல்லிக்கட்டுக் காளைய வாங்கி உழவுல பூட்டிட்டாக” என்று சிரித்தார்கள். அவருக்கு அது மனக்கஷ்டம்தான். வீரபாண்டி ரோட்டில் முடி பறக்கப் போன சந்தோஷத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை.

மயிலாடும்பாறைக்குப் போகும்போது மூல வைகை மணலில் பின்சக்கரம் கொஞ்சம் புதைந்தது. தொட்டிச் சக்கரம் தாங்கிக்கொண்டதால் வண்டி சாயவில்லை. அவர் இறங்கித் தள்ளிக் கரையேற்றினார். தொட்டி இல்லாமல் இருந்தால் மூன்றும் மணலில் கிடந்திருப்போம், அவர், நான், பெட்டி. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

பிற்பாடு போடியில் ஒருவர் அதே மாதிரி வண்டி வாங்கி, அதே கொல்லரிடம் வந்து பட்டை போட்டுத் தொட்டி பூட்டிக்கொண்டார். அது என் வீட்டுக்காரரின் யோசனை என்று ஊரில் பேச்சு. அவர் மறுக்கவில்லை. கடமலைக்குண்டில் கடை வாசலில் நின்றால் இன்றைக்கும் ஆண்கள் வண்டியைச் சுற்றி வந்து அவரிடம்தான் கேட்கிறார்கள், வண்டி எப்படி, ஏற்றத்தில் இழுக்குதா என்று. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வண்டி நல்ல வண்டி. எஞ்சின் சுத்தம். ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது. மழையிலும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. செயினுக்கு மட்டும் ஒரு மூடி போட்டிருக்கலாம்.