டெல்ஃபினின் சம்மதம்

மெர்லிண்டா பலோமார் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவளுடைய மாமியாருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "ஆளில்லாமலே மென்பொருள் ஏத்தற வேலை, அத்தை" என்று மெர்லி சொல்வாள். "ஆளில்லாமலே ஏறும்னா உனக்கு எதுக்குச் சம்பளம் தர்றான்?" என்று மாமியார் கேட்பாள். நியாயமான கேள்விதான். அலுவலக முதலாளிக்கு அது தோன்றாதவரை நல்லது என்று மெர்லி வாயைத் திறக்கமாட்டாள்.

இலோய்லோ நகரத்தில் லா பாஸ் சந்தைக்குப் பின்னால், கீழே மருந்துக்கடை, மேலே அவர்கள் அலுவலகம். தீவு முழுக்க இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகள், கிராமத்து வங்கிகள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றுக்கு சர்வர் அமைத்துக் கொடுப்பது தொழில். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டி என்டரை அழுத்தினால் போதும். எங்கே போடட்டும், என்ன கடவுச்சொல், எங்கள் நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று மென்பொருள் கேட்கும் அத்தனை கேள்விக்கும் ஸ்கிரிப்ட் என்ற கட்டளைப் பட்டியலில் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கும். அது பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு வேலையை முடிக்கும். மெர்லி எழுந்து போய் ஒரு கிண்ணம் பச்சோய் நூடுல்ஸ் சூப் குடித்துவிட்டு வரலாம். ஆனால் அவள் போகமாட்டாள். எதுவுமே ஓடாத திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் சுபாவம் அப்படி. மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவளை இந்தச் சுபாவத்துக்காகத்தான் மேலே வரச் சொன்னார்கள்.

ஸ்கிரிப்டை எழுதியவர் டெல்ஃபின் சுமகாய்சாய். அலுவலகத்தில் எல்லோருக்கும் மனோங் டெல்ஃபின். அண்ணனை மனோங் என்றும் அக்காவை மனாங் என்றும் கூப்பிடுவது ஊர் வழக்கம். பெரிய வயிறு, சின்னக் குரல், கேலி பேசினால் எதிராளி வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும். அவருக்கும் மெர்லிக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. மதியச் சோற்றை இரண்டு பேரும் ஒரே தட்டத்தில் கொட்டிச் சாப்பிடுவார்கள். "உன் மீன் வறுவல் தீய்ஞ்சாலும் எனக்குப் பரவாயில்லை, இந்தாய். என் வீட்டுக்காரி கையால தீய்ஞ்சதைவிட ருசியாத் தீய்ஞ்சிருக்கு" என்பார். இந்தாய் என்றால் தங்கச்சி மாதிரி. ஸ்கிரிப்டின் கடைசி வரியிலும் அவருடைய குசும்பு இருந்தது. எல்லாம் ஏறி முடிந்ததும் திரையில், 'முடிஞ்சது. வா, சாப்பிடலாம்' என்று வரும்.

மென்பொருள் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஒவ்வொரு புது சர்வருக்கும் லைசென்ஸ் கொடுக்கும் முன், உரிமையாளரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். இது உங்கள் கணினிதானா, ஆம் என்றால் ஒன்று என்று பதில் அனுப்புங்கள். அலுவலகம் ஆரம்பித்த புதிதில், உரிமையாளர் யார் பெயர் என்ற கேள்வி எழுந்தபோது, முதலாளி ரெமி ஸாருக்குக் கம்பெனிப் பத்திரங்களைத் தேடி எடுக்கச் சோம்பல். "இப்போதைக்கு உன் பேரையே போடேன், டெல்ஃபின்" என்றார். இப்போதைக்கு என்று எங்கள் ஊரில் ஆரம்பித்த எதுவும் மாறியதில்லை. அந்த மென்பொருள் ஏறிய சர்வர்கள் எல்லாம் மனோங் டெல்ஃபினின் பெயரிலேயே பெருகின. அவர் நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்காமலே கட்டைவிரலால் ஒன்றை அழுத்துவார்.

அந்த மனிதர் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஜீப்னி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது செத்துப்போனார். மூலையில் சாய்ந்திருந்தவர் தூங்குகிறார் என்று டிரைவர் நினைத்துக்கொண்டான். கடைசி நிறுத்தத்திலும் இறங்காததால், பாவம், அசதி போலிருக்கிறது என்று அடுத்த நடைக்கும் அவரை வைத்துக்கொண்டே ஓட்டினான். இறந்தவர் சந்தைவரை திரும்பி வந்து மறுபடி தன் வீடு இருக்கும் ஆரெவாலோவுக்குப் போனார். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மெர்லி ஜீப்னியில் கண்ணை மூடியிருப்பவர்களைப் பார்த்தால் மூச்சு வருகிறதா என்று உற்றுப் பார்ப்பாள்.

துக்கம் காத்தார்கள், ஜெபம் சொன்னார்கள், சாவு வீட்டு வழக்கப்படி சீட்டாடினார்கள், அவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தார்கள். வேலை நின்றுபோகவில்லை. மெர்லி வரியைத் தட்டினாள், சர்வர்கள் ஏறின. மாதங்கள் கழித்து ஒருநாள், மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்காக ஏற்றியபோது வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆனது. எங்கே சிக்கிக்கொண்டது என்று பார்க்க, ஸ்கிரிப்ட் தன்பாட்டுக்கு எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள். கடைசி வரி இப்படி நின்றது: 'டெல்ஃபின் சுமகாய்சாயின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது.'

மெர்லிக்குச் சட்டென்று உறைத்தது. அவர்தான் இல்லையே. அப்படியானால் இத்தனை மாதமாக எப்படி ஏறிக்கொண்டிருந்தது?

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி வந்தது. 'சம்மதம் கிடைத்தது.' அதன் பின்னாலேயே, 'முடிஞ்சது. வா, சாப்பிடலாம்.'

எதிர்மேசைப் பையன் போயெத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கழுத்தில் கிடந்த சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டான். அப்புறம் வாய் சும்மா இருக்குமா?

"மனோங்குக்கு இன்னும் ஷிஃப்ட் முடியலை போலிருக்கு, மனாங். மேல போயும் ஓவர்டைம்."

"வாயைக் கழுவு."

"நான் ஒண்ணு சொல்றேன். செத்தவங்க சாப்பிடக் கூப்பிட்டா போகக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. நீங்க இன்னைக்கு மதியம் பட்டினி கிடங்க."

அவள் அன்று மதியம் உண்மையிலேயே சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

ரெமி ஸாரிடம் சொன்னபோது, "வேலை நடக்குதில்ல? நோண்டாம விடு" என்றார். மறுவாரமே அவர் முகமும் செத்துப்போனது. மென்பொருள் கம்பெனி அறிவிப்பு அனுப்பியிருந்தது: தனி ஆள் பெயரில் இருக்கும் உரிமங்களை இந்த மாத முடிவுக்குள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். உரிமையாளர் தன் கைப்பேசியிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர்கள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரிகளில் நோயாளி யார், என்ன மருந்து என்று ஒன்றும் தெரியாது.

"அவர் இறந்துட்டார்னு கம்பெனிக்கு எழுதிடலாமே, ஸார்" என்றாள் மெர்லி.

"எழுதினா என்ன ஆகும்னு இப்பத்தான் படிச்சேன். உரிமையாளர் செத்தா உரிமமும் அன்னைக்கே செத்துடுமாம். எல்லாத்தையும் புதுசா வாங்கணும். அதுக்குக் கடையை இழுத்து மூடிட்டு நான் மீன் விக்கப் போகலாம்."

"இந்த நிபந்தனை எங்க இருந்துச்சு?"

"ஒவ்வொரு தடவையும் நீ ஏத்தறியே, அதுலதான். சம்மதம், சம்மதம்னு உன் ஸ்கிரிப்டுதான் படிக்காமலே சொல்லிட்டு இருந்துச்சு." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்த போனை யாரோ வெச்சிருக்காங்க, மெர்லி. யாருன்னு பாரு. விட்டுக்கொடுக்கற ஒரு பதில் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் டெல்ஃபின் உயிரோடதான் இருக்கான், புரியுதா?"

யார் என்பது மெர்லிக்குத் தெரியாமல் இல்லை. மனைவியிடம்தான் இருக்கும் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் மெர்லி உடனே ஆரெவாலோவுக்குப் போகவில்லை. தெரிந்துகொண்டுவிட்டால் முடிந்துபோகும் என்பதுதான் காரணம். அதற்குப் பதில் அவள் செய்த காரியம் யாருக்கும் தெரியாது. மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய சர்வரை எடுத்து, சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று, அதில் மென்பொருளை ஏற்றினாள். பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சம்மதம் வந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மறுபடி வந்தது. தினமும் சாப்பாட்டு வேளையில் போயெத் கீழே போனதும் இதுவே வேலையாகிவிட்டது. சில நாள் ஒரே மதியத்தில் இரண்டு முறை, மூன்று முறை. 'காத்திருக்கிறது' என்ற வரி நிற்கும்போது அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள். 'கிடைத்தது' என்று வந்ததும் உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஒருமுறை, "மனோங், இன்னைக்குக் கத்திரிக்காய் கொண்டாந்திருக்கேன்" என்று திரையைப் பார்த்துச் சொல்லியும்விட்டாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட, அவர் இல்லாத மேசை அதிக வெறுமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாதபோது வந்து ஏற்றினாள். சம்மதம் வரவில்லை. நிமிடங்கள் போயின. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து வந்தது. அப்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. மறுநாளே ஒரு பொட்டலம் பிஸ்கோச்சோ ரொட்டி வாங்கிக்கொண்டு ஜீப்னி ஏறினாள்.

டெல்ஃபினின் மனைவி ஃபெலி வாசல் கம்பிவலைக்குப் பின்னால் பெட்டிக்கடை வைத்திருந்தாள். வினிகர், சோப்பு, ஒற்றைச் சிகரெட். டெல்ஃபினைவிட நாலைந்து வயது இளையவள். ஆனால் இந்த மாதங்களில் கிழடு தட்டியிருந்தாள். மெர்லியைக் கண்டதும் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வா, இந்தாய். சாப்பிட்டியா? இளைச்சுப் போயிட்டே. உன் மாமியா இன்னும் உசிரோட இருக்காளா?"

"இருக்காங்க, மனாங். என்னையும் உங்களையும் சேர்த்து அனுப்பிட்டுத்தான் போவாங்க."

ஃபெலி சிரித்தாள். உள்ளே அலமாரியில் மாதாவின் பக்கத்தில் டெல்ஃபினின் படம். படத்தின் முன்னால் அந்தப் பழைய கைப்பேசி, சார்ஜர் மாட்டிய நிலையில். மெர்லியின் பார்வை அங்கே போனதை ஃபெலி கவனித்தாள். மறைக்கவில்லை.

"அதுக்கு மாசாமாசம் நானே ரீசார்ஜ் போட்டுடறேன். போடலைன்னா நம்பரைப் பிடுங்கிடுவான் இல்ல? பதில் அனுப்பவும் காசு வேணும்."

"நீங்கதான் பதில் அனுப்பறீங்களா, மனாங்?"

"வேற யாரு? முதல் தடவை வந்தப்ப, இது உங்கள் கணினிதானான்னு அவர் பேரைச் சொல்லிக் கேக்கறான். இல்லைன்னா அவர் சொத்தை வேறொருத்தன் எடுத்துக்கிடுவான்னு ஆமான்னுட்டேன். அப்புறம் பழகிப்போச்சு." அவள் வெறும் உள்ளங்கையால் கைப்பேசியின் முகத்தைத் துடைத்தாள். "இந்த ரெண்டு மூணு வாரமா அவருக்கு ஒரே வேலை, இந்தாய். ஒரு நாளைக்கு மூணு தடவைகூட வருது. மதியச் சாப்பாடுகூட நிம்மதியாச் சாப்பிட விடலை. எவ்வளவு வேலை வாங்கறாங்க பாரு உங்க ஆபீஸ்லன்னு நினைச்சேன். ஆனா சந்தோஷமாவும் இருந்துச்சு. நேத்துப் பூசை நேரத்துல வந்துடுச்சு போல. வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் பதறிட்டேன். லேட்டாயிடுச்சுன்னு அவரைத் திட்டியிருப்பாங்களோ?"

மெர்லியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தக் கட்டளைகளை யார் தட்டியது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது, இருக்கிற சந்தோஷத்தையும் பிடுங்கிக்கொள்வதா என்று விழுங்கிவிட்டாள். "யாரும் திட்டலை, மனாங்" என்றாள். ஃபெலியின் பேச்சு முழுக்க அவர் 'இருக்கிறார்', அவருக்கு 'வேலை' என்றே வந்துகொண்டிருந்தது.

பிறகு வந்த விஷயத்தைச் சொல்லித்தானே ஆகவேண்டும். இன்னும் ஒரே ஒரு செய்தி வரும் என்றாள். எல்லா சர்வரையும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும். ஆம் என்று பதில் போகாவிட்டால் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் நின்றுபோகும்.

"ஆமான்னு போட்டா?"

"அப்புறம் இந்த போனுக்கு எதுவும் வராது, மனாங்."

கடையில் யாரோ வந்து கம்பிவலையைத் தட்டினார்கள், சிகரெட் கேட்டார்கள். ஃபெலி எழுந்திருக்கவில்லை. வந்தவர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"சரி, அனுப்பச் சொல்லு."

மெர்லி போயெத்துக்கு போன் செய்து, அலுவலகத்திலிருந்து பெயர் மாற்றத்தைத் தொடங்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அலமாரியில் அந்தக் கைப்பேசி சிணுங்கியது. 'டெல்ஃபின் சுமகாய்சாய், உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கணினிகளையும் விட்டுக்கொடுக்கிறீர்களா?'

"நீ போடு, இந்தாய்" என்று நீட்டினாள் ஃபெலி. மெர்லி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னால முடியாது, மனாங்."

"என்னாலயும் முடியாது. இத்தனை நாள் ஆமா ஆமான்னு போட்டது இருக்கறதைக் காப்பாத்த. இது விட்டுக்கொடுக்கறது. இதை நான் எப்படி அவருக்காகச் சொல்றது? அவரே சொல்லட்டும்." ஃபெலி கைப்பேசியைக் கொண்டுபோய் படத்தின்மேல் சாய்த்து வைத்து, அவருடைய செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "டோட்டோ, உன்னைத்தான் கேக்கறாங்க. பதில் சொல்லு."

இரண்டு பேரும் மூங்கில் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். விளையாட்டுக்காக அல்ல, மெய்யாகவே காத்திருந்தார்கள். மெர்லி தன் கண்ணெதிரே அந்த எழுத்துக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது நடந்துவிடுமோ என்று அவள் நடுங்கினாள். நடக்காதோ என்றும் நடுங்கினாள். கைப்பேசியின் வெளிச்சம் மங்கி அணைந்தது. ஃபெலி எழுந்து தொட்டு மறுபடி எரியவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடி அணைந்தது. இந்த முறை அவள் எழவில்லை.

"பதில் சொல்ல மாட்டேங்கறார், இந்தாய்" என்றாள்.

மெர்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் இல்லை" என்றாள் ஃபெலி. சவப்பெட்டியின் முன்னாலும், ஜெபம் சொன்ன ராத்திரிகளிலும், கல்லறையிலும் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. எழுந்து போய் கைப்பேசியை எடுத்தாள். எந்த எண்ணை அழுத்தவேண்டும் என்று கேட்டாள். மெர்லி சொன்னாள். அழுத்தினாள்.

அப்புறம் அவள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. தரையில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, இத்தனை மாதம் அழாத அழுகையெல்லாம் அழுதாள். அக்கம்பக்கத்தார் அடுப்பில் வைத்தது வைத்தபடி ஓடி வந்தார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "என்னாச்சு, யாரு செத்தது?" என்று கேட்டாள்.

மெர்லிதான் பதில் சொன்னாள்: "மனோங் டெல்ஃபின்."